காற்றோட்டமான வீடு

எங்கள் மாமரம் இராசநாயகம் மாமாவின் மோட்டார் சைக்கிளின் மேல் விழுந்தது, கார்த்திகைக் கடைசியில் புயல் அடித்த அன்று பிற்பகல் மூன்று மணிக்கு. மோட்டார் சைக்கிளின் மேல் மட்டும்தான் விழுந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அது முதலில் அவருடைய குசினிக் கூரையில் விழுந்து, அங்கிருந்து படுக்கையறைக் கூரைக்குச் சரிந்து, இரண்டையும் முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் மோட்டார் சைக்கிள் நின்ற பக்கத்துச் சாய்ப்புப் பத்தியைத் தரையோடு தரையாக அமத்தியது.

மரம் எங்களுடையது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நல்ல கறுத்தக்கொழும்பான். வேர் வேலிக்கு எங்கள் பக்கம், கொப்புகளில் பாதி அவர்கள் பக்கம். நான்கு வருடங்களுக்கு முன் ஒருநாள் மாமா வேலியோரம் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உங்கடை மாமரத்துக்கு எங்கடை பக்கம்தான் விருப்பம் கூடப் போலை கிடக்கு."

மனிதர் மாம்பழம் கேட்கிறார் என்று நினைத்து, அடுத்த நாளே ஒரு ஓலைக் கடகம் பழம் கொடுத்துவிட்டேன். அடுத்த வருடமும் வேலிக்கு வந்து அதையே சொன்னார். கடகம் போதவில்லையாக்கும் என்று இரண்டு கடகம் அனுப்பினேன். "மரம் உங்கள் பக்கமிருந்து எங்கள் கூரைக்கு மேல் சரிகிறது, வெட்டுங்கள்" என்பதைத்தான் அவர் நான்கு வருடமாக அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது மரம் விழுந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

இராசநாயகம் மாமா கலியாணத் தரகர். சொந்த மாமா அல்ல, பக்கத்து வீட்டு மாமா. கோப்பாயிலிருந்து இணுவில், அளவெட்டி வரைக்கும் முப்பத்தைந்து வருடமாக அவருடைய மோட்டார் சைக்கிள் போகாத ஒழுங்கை இல்லை. தோளில் ஒரு கறுப்புப் பை, அதற்குள் குறைந்தது நூறு பேரின் சாதகக் குறிப்பு. இந்தத் தொழிலில் அவருக்கு ஒரேயொரு நோய் பிடித்துவிட்டது. குறை என்று ஒன்றை அவருடைய வாயால் சொல்லவே முடியாது.

பொய்யும் சொல்லமாட்டார். அதுதான் அவருடைய கெட்டித்தனம். "மாமியார் சரியான பொறுப்பானவ" என்றால், மருமகளைக் குசினிக்குள் விடமாட்டார் என்று பொருள். "பெடியன் கலகலப்பானவன்" என்றால், பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு ஆளைக் கள்ளுத் தவறணையில்தான் பிடிக்கலாம். "வீடு நல்ல காற்றோட்டம்" என்றால் யன்னல்களுக்குக் கதவு இன்னும் போடவில்லை. எனக்கு மாப்பிள்ளை பார்த்தவரும் இவர்தான். "பெடியன் சரியான அமைதி" என்று என் அம்மாவிடம் சொன்னார். கலியாணம் முடிந்து முதல் கிழமை, என் கணவர் கேதீஸ்வரன் என்னோடு கோபமாக இருக்கிறார் என்று நான் அழுதேன். மனிதர் கோபமாக இல்லை. அவர் கதைப்பதே அவ்வளவுதான். அவர்கள் வீட்டில் என்னைப் பற்றி மாமா என்ன சொல்லியிருந்தார் என்று பின்னால் விசாரித்துப் பார்த்தேன். "பிள்ளை நல்ல விபரம்" என்றாராம். எனக்கு வாய் நீளம் என்பதை இதைவிட மரியாதையாக யாரும் சொன்னதில்லை.

மரம் விழுந்த சத்தம் கேட்டு நானும் கேதீஸ்வரனும் மழைக்குள் ஓடினோம். மாமி, நல்லம்மா மாமி, நல்லகாலமாக முன் ஹோலில் இருந்திருக்கிறார். சுவரில் சாய்ந்து நின்று நடுங்கிக்கொண்டிருந்தார். மாமா முற்றத்தில் குடையோடு நின்றார். காற்று குடையை எப்போதோ மறுபக்கம் மடித்துவிட்டது, அது அவருக்குத் தெரியவில்லை. குசினி இருந்த இடத்தில் மாங்கொப்பும் உடைந்த ஓடும் முறிந்த கூரைத் தீராந்தியும் குவிந்து கிடந்தன. பின்வளவுப் பலாவடியில் கட்டியிருந்த மாமியின் ஆடு கத்திக்கொண்டு நின்றது.

"பயப்பிடாதேங்கோ பிள்ளை," என்றார் என்னைக் கண்டதும். "சின்ன உரசல்தான்."

மரத்தை அறுத்து எடுக்க இரண்டு நாள் பிடித்தது. கேதீஸ்வரன் மரம் அரியும் மெசினுக்கு ஆள் பிடித்து வந்தார். இரண்டாம் நாள் மத்தியானம் அடிமரத்தை உருட்டியபோதுதான் மோட்டார் சைக்கிள் தெரிந்தது. கைபிடி ஒன்று வானத்தைப் பார்த்தது, மற்றது நிலத்தைப் பார்த்தது. பெற்றோல் தாங்கி தட்டையாகியிருந்தது. முன் சில்லு சில்லு மாதிரியே இல்லை. மாமா குந்தியிருந்து அதன் மேல் ஒட்டியிருந்த மாவிலைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். அந்த நேரம் அவருடைய கறுப்புப் பைக்கு ஒரு மாப்பிள்ளை வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. பை என்பது தவறு, பைக்குள் இருந்த கைபேசிக்கு.

"ஓம், ஓம், நாளைக்கு வாறதெண்டுதான் இருந்தனான். வாகனத்தைச் சேர்விசுக்கு விட்டிருக்கிறன்," என்றார் மாமா, அந்த இரும்புக் குவியலைப் பார்த்துக்கொண்டே.

சந்தியில் கராச் வைத்திருக்கும் கஜானன் வந்து பார்த்தான். ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பிறகு தலையைச் சொறிந்தான்.

"ஐயா, இதிலை இஞ்சின் மட்டும்தான் மிச்சம். மற்றதெல்லாம் வேறை போடவேணும்."

"இஞ்சின் சுகமா இருக்கெல்லே? அப்ப என்ன பிரச்சினை," என்றார் மாமா. "சின்னச் சுகயீனம் எண்டு சொல்லு தம்பி. கொண்டுபோ."

ஒரு தள்ளுவண்டியில் அதைக் கட்டிக் கொண்டுபோனார்கள். மாமா சந்தி வரைக்கும் பின்னால் நடந்துபோய்விட்டு வந்தார். கஜானன் பழைய சாமான் கடைகளில் தேடி எடுத்து எப்படியோ அதை எழுப்பிவிட்டான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இப்போது அது ஓடுகிறது, ஆனால் நேரே ஓடுவதில்லை. இடது பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. கேட்டால், "அதுக்கு இடப்பக்கம் ஒரு விருப்பம்" என்கிறார். நான் இப்போதெல்லாம் அவருடைய விருப்பங்களைக் கேட்டதும் ஒதுங்கி நிற்கப் பழகிவிட்டேன்.

மோட்டார் சைக்கிள் கதை அப்படி முடிந்தது. வீட்டுக் கதை முடியவில்லை. எனக்குக் கோபம் வந்ததும் அதில்தான்.

மாமிக்குத் தொய்வு. மார்கழிப் பனி வந்தாலே மூச்சு இழுக்கும். கூரை போன பிறகு மாமா ஒரு நீலத் தறப்பாளை அறைக்கு மேல் இழுத்துக் கட்டினார். அது மழையை மறித்ததைவிடச் சேர்த்து வைத்து ஊற்றியதுதான் அதிகம். குசினி அடியோடு இல்லை. ஹோலில் ஒரு மூலையில் நீட்டு மர வாங்கில் ஒன்றைப் போட்டு மாமி படுத்தார். சீமெந்துத் தரை ஈரம் ஏறி வியர்த்தது. சுவரில் மேலிருந்து கீழே ஒரு வெடிப்பு. மூன்றாம் நாள் நான் அங்கே நிற்கும்போதே மாமியின் நெஞ்சு கீச்சுக் கீச்சென்று சத்தம் போட்டது. மருந்துப் பம்பை இழுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மாமா, ரெண்டு பேரும் எங்கடை வீட்டை வந்து இருங்கோ," என்றேன். "அறை சும்மாதானே கிடக்கு. எங்கடை மரம்தானே விழுந்தது."

"ஐயோ, என்ன பிள்ளை, ரெண்டு ஓடு கழண்டதுக்கு வீடு விட்டுப் போறதோ?"

"ரெண்டு ஓடோ! கூரையைக் காணேல்லை மாமா!"

"அதாலை இப்ப நல்ல காற்றோட்டம்."

நான் அன்றைக்கு அவரோடு சண்டை பிடித்தேன். மாமிக்கு ஏதும் நடந்தால் நீங்கள்தான் பொறுப்பு என்று வேலியில் நின்று ஊர் கேட்கக் கத்தினேன். விபரம் கூடின பிள்ளைதானே. மாமா கோபிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு ஓடுகளைப் பொறுக்கினார். கனடாவிலிருந்து மகன் வாகீசன் வீடியோ அழைப்பு எடுத்தபோது முன்வாசலில் நின்று, உடையாத சுவரை மட்டும் காட்டி, "உங்கை பார், பூக்கண்டு கூட விழேல்லை" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரவு சாப்பிடும்போது கேதீஸ்வரனிடம் பொரிந்து தள்ளினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, அந்த மாதத்துக்கான நீண்ட வசனத்தைச் சொன்னார்.

"மாமி இனி அந்த வீட்டை விட்டு வெளிக்கிடமாட்டன் எண்டு சொன்னவ எல்லே. அந்தாளுக்கு அதுதான் பயம்."

அது எனக்கும் தெரிந்த கதைதான். தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி வலிகாமம் முழுதும் ஒரே நாளில் வெளிக்கிட்டபோது அவர்களும் வெளிக்கிட்டவர்கள். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில், ஏழு குடும்பத்தோடு, வாங்கில்களுக்கு நடுவே படுத்திருக்கிறார்கள். திரும்பி வந்து வாசலில் கால் வைத்தபோது மாமி, "இனி என்னை இஞ்சையிருந்து தூக்கிக்கொண்டுதான் போகவேணும்" என்றாராம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வாக்கு அது. மாமா அந்த வாக்குக்குத்தான் காவல் இருக்கிறார் என்று நினைத்தபோது என் கோபம் கொஞ்சம் இறங்கியது. ஆனால் மாமியின் நெஞ்சுச் சத்தம் இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை, சேதம் பதிய விதானைப் பிள்ளை வருகிறார் என்று தகவல் வந்தது. கிராம உத்தியோகத்தர் என்று பலகையில் எழுதியிருந்தாலும் எங்களுக்கு இன்றும் விதானைதான். இப்போதையவர் பிரசாந்தி, முப்பத்திரண்டு வயது, இன்னும் கலியாணமாகவில்லை. கெட்டிக்காரி. அவர் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் எந்த வீட்டுக்கு முதலில் கூரை போடுவது என்று தீர்மானிப்பார்கள்.

எங்கள் ஆட்களுக்கு, வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்றால் கை சும்மா இருக்காது. சேதம் பார்க்க வருகிறவராக இருந்தாலும் சேதம் தெரியக்கூடாது. மாமா விடியவே எழும்பி முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்தார். உடைந்த ஓடுகளைக் கிணற்றடியில் அளவு பார்த்து அடுக்கினார். முறிந்த தீராந்திகளை வேலிக்குப் பின்னால் இழுத்துப் போட்டார். சுவர் வெடிப்புக்கு மேல் முருகன் படம் போட்ட கலண்டரைத் தொங்கவிட்டார். பிறகு எங்கள் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, ஒரு தேத்தண்ணி போட்டுப் பின்பக்கத்தாலை தருவியளோ? எங்கடை குசினியிலை போட்ட மாதிரி இருக்கட்டும்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக் கொடுத்தேன். கூடவே போய் ஹோல் வாசலில் நின்றும் கொண்டேன். கேதீஸ்வரனும் வந்து நின்றார். மாமி வாங்கிலில் தலையணையில் சாய்ந்திருந்தார்.

பிரசாந்தி கதிரையில் இருந்து படிவத்தை மடியில் வைத்தார். "ஐயா, என்ன சேதம் எண்டு சொல்லுங்கோ."

"சேதம் எண்டு பெரிசாச் சொல்லுறதுக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை. குசினிப் பக்கம் கொஞ்சம் காற்றோட்டம் கூட."

"குசினிக் கூரை முற்றாக இல்லை," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பிரசாந்தி எழுதினார்.

மாமா ஒருமுறை கண்ணை வெட்டினார். "அறைக்குள்ளை முந்தி இருட்டு. இப்ப வெளிச்சம் பரவாயில்லை."

"படுக்கையறைக் கூரையும் இல்லை."

"சுவரிலை சின்னக் கோடு ஒண்டு..."

பிரசாந்தி எழும்பிப் போய்க் கலண்டரைத் தூக்கினார். பேனையை வெடிப்புக்குள் விட்டுப் பார்த்தார். பேனை மூடி வரைக்கும் உள்ளே போனது. முருகனைத் திரும்ப மெதுவாகத் தொங்கவிட்டு வந்து எழுதினார்.

"பிள்ளை, நான் ஒண்டு சொல்ல நீர் வேறையொண்டு எழுதிறீர்," என்றார் மாமா.

"நீங்கள் சொல்லுறதைத்தான் எழுதிறன் ஐயா. ரெண்டு வருசத்துக்கு முதல் எங்கடை வீட்டுக்கு ஒரு மாப்பிளை கொண்டு வந்தனீங்கள். எல்லாரோடையும் கலந்து பழகிற பெடியன் எண்டனீங்கள். எங்கடை அண்ணை போய் விசாரிச்சவர். அந்தப் பெடியன் ஆரோடை கலந்து பழகினவன் எண்டு கண்டுபிடிச்சுக்கொண்டு வந்தவர். அண்டையிலை இருந்து உங்கடை பாஷை எனக்கு நல்லா விளங்கும்."

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். கேதீஸ்வரன் சிரித்தே விட்டார். மாமாவின் முகம் சிவந்தது. "மோட்டச்சைக்கிளும்..." என்று தொடங்கினார், பேச்சை மாற்ற.

"இந்தப் படிவத்திலை மோட்டச்சைக்கிளுக்கு இடமில்லை ஐயா. வீட்டுக்கு மட்டும்தான்." பிரசாந்தி தாளைத் திருப்பினார். "மிச்சம் எல்லாம் நான் பார்த்து எழுதலாம். கடைசிக் கேள்விக்கு மட்டும் வீட்டுக்காரர்தான் வாயாலை சொல்லிக் கையெழுத்து வைக்கவேணும். வாசிக்கிறன். தற்போதைய நிலையில் இவ்வீட்டில் வசிக்க முடியுமா? ஆம் அல்லது இல்லை."

"இருக்கலாமோ எண்டு கேட்டால், மனமிருந்தால்..."

"ஆம் அல்லது இல்லை, ஐயா. ஓம் எண்டு சொன்னால் உங்கடை பேர் பட்டியலிலை கடைசிக்குப் போகும். இருக்கேலாத வீடுகளுக்குத்தான் முதல் கூரை. இல்லை எண்டு சொன்னால் கூரை போடுமட்டும் வேறை இடத்திலை இருக்கவேணும். ரெண்டிலை ஒண்டு சொல்லுங்கோ."

மாமா மாமியைப் பார்த்தார். மாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு இழுக்கிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. சொல்லுங்கள் மாமா, ஒரேயொரு சொல் என்று எனக்குள்ளே கெஞ்சினேன். வாய் திறந்து கெஞ்ச எனக்கும் அன்று முடியவில்லை.

"அப்பிடி இருக்கேலாதெண்டு இல்லை," என்றார் மாமா. "ரெண்டு நாள் வெயில் எறிச்சுதெண்டால்..."

"அந்த ரெண்டு நாளைச் சொல்லாதேங்கோ," என்றார் மாமி.

உரக்கச் சொல்லவில்லை. அவருக்கு உரக்கச் சொல்ல மூச்சும் இல்லை. ஆனால் மாமா சட்டென்று நிறுத்திவிட்டார்.

"தொண்ணூற்றஞ்சிலை வெளிக்கிடேக்கையும் ரெண்டு நாள் எண்டுதான் சொன்னனீங்கள்." மாமி நிறுத்தி, மூச்சு எடுத்து, திரும்பத் தொடங்கினார். "ரெண்டு நாள்தானே எண்டு நான் மாட்டை அவிட்டுவிடேல்லை. தொட்டி நிறையத் தண்ணியும் ஒரு கட்டு வைக்கலும் வைச்சிட்டு வந்தனான்."

அவர்கள் திரும்பி வர ஆறு மாதம் ஆனது என்பது எங்களுக்குத் தெரியும். மாட்டைப் பற்றி அன்றுவரை எங்களில் யாருக்கும் தெரியாது. பிரசாந்தி பேனையை மூடி மடியில் வைத்தார்.

"வீட்டை விட்டதுக்கு எனக்குக் கோவம் இல்லை. எல்லாரும்தானே விட்டவை. தெரியாது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், நான் அதை அவிட்டுவிட்டிட்டு வந்திருப்பன்."

முப்பது வருடம் அந்த வீட்டில் அந்த மாடு கட்டியபடியே நின்றிருக்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு எல்லாம் விளங்கியவள் மாதிரி ஊர் கேட்கக் கத்தியதை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. மாமா பிரசாந்திக்கு முன்னால் வந்து நின்றார்.

"இல்லைப் பிள்ளை," என்றார். "உதிலை இருக்கேலாது. கூரை இல்லை. அந்தச் சுவர் எப்பவும் விழும். இவ இன்னும் ரெண்டு இரவு உதிலை படுத்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகவேணும். எழுதும்."

பிரசாந்தி எழுதியதும் பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார். முப்பத்தைந்து வருடம் மற்றவர்களின் குறைகளைச் சுற்றி நடந்தவர், ஒரே மூச்சில் நாலு குறையைச் சொன்னதில் வியர்த்துப்போய் நின்றார். பிரசாந்தி படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்து, மாமியிடம் தலையாட்டிவிட்டுப் புறப்பட்டார்.

"வாங்கோ மாமி," என்றேன். "அறை கூட்டித்தான் வைச்சிருக்கிறன்."

மாமி வாங்கிலில் இருந்து மெதுவாக எழும்பி மாமாவைப் பார்த்தார்.

"எத்தினை நாளைக்கு?"

மாமாவின் வாய் பழைய பழக்கத்தில் ஒரு பக்கம் போகத் தொடங்கியது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பிறகு அது நின்றது.

"தெரியாது," என்றார். "உண்மையா எனக்குத் தெரியாதப்பா."

மாமி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

"அப்ப ஆட்டையும் அவிட்டுக்கொண்டுதான் வாறன்," என்றுவிட்டு, ஆடு கட்டியிருந்த பின்வளவுப் பலாவடிக்கு நடக்கத் தொடங்கினார். மாமா அவரை முந்திக்கொண்டு ஓடிப்போய்க் கயிற்றைத் தானே அவிழ்த்தார்.